இடது காலுக்கு வேலையில்லை

உக்காருங்கண்ணே. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். லைசென்ஸ் எடுக்குற வயசு உங்களுக்கு இல்ல. பையனுக்குப் பொண்ணு பாக்குறீங்க. சமையல்காரர் பவுன்ராஜ் மக, மதுபாலா. குடும்பம் எப்படின்னு நாலு இடத்துல விசாரிக்க வந்திருக்கீங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கேட்டிருப்பீங்க, அவங்க 'பொண்ணு தங்கமான பொண்ணு, அப்பன்தான்...'னு இழுத்திருப்பாங்க. 'டிரைவிங் ஸ்கூல் தனுஷ்கோடி மாஸ்டரைக் கேளுங்க, முழுசாச் சொல்லுவாரு'ன்னு இங்க அனுப்பிவிட்டிருப்பாங்க. சரிதானே?

சொல்றேன். ஆனா ஒண்ணை முதல்ல காதுல வாங்கிக்கோங்க. பவுன்ராஜ் பொய்ச் சத்தியம் பண்ணல. அவன் பண்ணினது உண்மையான சத்தியம். அதைப் பொய்னு இந்த போடி ஊரையே நம்ப வச்சது நான்தான். இப்ப மத்ததைக் கேளுங்க. நடுவுல தண்ணி வேணும்னா சொல்லுங்க.

நான் முப்பத்தோரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவன். எட்டாயிரம் பேருக்கு மேல சொல்லிக்குடுத்திருக்கேன், சும்மா சொல்லல, நோட்டு இருக்கு. டாக்டரு, வக்கீலு, ஏலக்கா வியாபாரி, போலீஸ்காரன், எல்லாரும் என் பக்கத்துல உக்காந்து எட்டு போட்டவங்கதான். பவுன்ராஜும் எங்கிட்டதான் படிச்சான். அப்ப அவன் கல்யாண வீட்டுல காய் வெட்டிக்கிட்டுத் திரிஞ்சான். அப்புறம் அவனே பெரிய சமையல் மாஸ்டர் ஆயிட்டான். இருந்தாலும் என்னைப் பாத்தா மாஸ்டர்னுதான் கூப்பிடுவான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி வந்து வணக்கம் வைப்பான். இன்னிக்கும் வைக்கிறான். அதுதான்ணே என்னைக் கொல்லுது.

ஸ்கூல் கார்ல எனக்கு எங்க சீட்டு? இடது பக்கம். படிக்கிறவங்க வலது பக்கம். என் காலுக்குக் கீழயும் ரெண்டு பெடல் இருக்கும், ஒரு கிளட்ச், ஒரு பிரேக். புதுசா ஓட்டுறவன் இன்ஜின் கதறினாலும் கியர் மாத்த மாட்டான். அவனுக்காக நான் மிதிக்கணும். முப்பத்தோரு வருஷம், நாளைக்கு இருபது பேரு. இன்ஜின் சத்தம் ஏறுச்சுன்னா என் இடது கால் தானா அமுக்கும். எனக்குத் தூக்கம் வந்தாக்கூட அதுக்கு வராது. இதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஞாபகம் வச்சுக்கோங்க.

கடைசியில அந்த முட்டிதான் போச்சு. இனிமே கிளட்ச் மிதிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஸ்கூலை என் மக புருஷன், மாப்பிள்ளை கையில குடுத்துட்டேன். போர்டுல என் பேருதான் இருக்கு, பாத்திருப்பீங்க, பெரிய எழுத்துல. முந்தல் ரோட்டுல எனக்கு ஒரு மாந்தோப்பு. அங்க போய்வர, காய் ஏத்த, எனக்கு ஒரு வண்டி வேணும், கிளட்ச் இல்லாத வண்டியா வேணும். அப்பத்தான் பவுன்ராஜ் தன் பிக்கப்பை விக்கிறான்னு கேள்விப்பட்டேன். மலை மேல ஒரு எஸ்டேட்காரர் வச்சிருந்து இவன்கிட்டக் குடுத்துட்டுப் போன வண்டி. முன்னாடி கார் மாதிரி ரெண்டு வரிசை சீட்டு, பின்னாடி தொட்டி. ஆட்டோமேட்டிக். அதுல அண்டா, குண்டா, கரண்டி எல்லாம் ஏத்திக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட்டினான். ஆர்டர் பெருகவும் பெரிய வேனா வாங்கிட்டான். தை மாசம் எனக்கு அந்த வண்டியைக் குடுத்தான்.

சாவி குடுக்குற அன்னிக்கு ஒரு சுத்துப் போயிட்டு வந்தோம். நான் ஓட்டுறேன், அவன் பக்கத்துல, என் மாப்பிள்ளை பின்னாடி. இறங்கும்போது மெதுவாச் சொன்னான், "மாஸ்டர், இதுல இடது காலுக்கு வேலையில்ல. அதை ஓரமா வச்சிருங்க."

எனக்கு! என்கிட்டச் சொல்றான்! "ஏன்டா, வெங்காயம் உரிச்சவன் எனக்கே கிளாஸ் எடுக்குறியா?"ன்னு கேட்டுட்டேன். மாப்பிள்ளை சிரிச்சாரு. யாரைப் பாத்துச் சிரிச்சாருன்னு எனக்குத் தெரியல. ஆனா அந்தச் சிரிப்பு நெஞ்சுல முள்ளாத் தச்சுருச்சு. பவுன்ராஜ் கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

மறுநாளே வண்டி உதைக்க ஆரம்பிச்சுச்சு. எப்படின்னா, வேகம் ஏறும், இன்ஜின் சத்தம் ஏறும், அடுத்த கியர் விழப்போற நேரம் பாத்து 'டொக்'குன்னு ஒரு உதை. தலை முன்னாடி போயிட்டுத் திரும்பி வரும். அடுத்த கியருக்கு இன்னொரு உதை. என் வீட்டுக்காரி சீனியம்மா மடியில தூக்குச்சட்டி வச்சிருந்தா, அது போய் முட்டி, சாம்பார் பூரா சேலையில. "என்னங்க இது, வண்டியா மாட்டு வண்டியா?"ன்னா.

"கியர்பாக்ஸ் போச்சு. ஏமாத்திட்டான்"னேன். பாத்தீங்களா, முதல் நாளே அந்த வார்த்தை வந்துருச்சு. யோசிக்கவே இல்ல.

மெக்கானிக் ஒருத்தன்கிட்ட விட்டேன். ரெண்டு நாள் வச்சிருந்தான், ஆயிலை மாத்தினான், ஓட்டிப் பாத்தான். "மாஸ்டர், வெண்ணெய் மாதிரிப் போகுது, ஒரு குறையும் இல்ல"ன்னான். தேனிக்குக் கொண்டுபோய் இன்னொருத்தன்கிட்டக் காட்டினேன். அவனும் கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்துட்டு அதையேதான் சொன்னான். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ரெண்டு பேரும் பவுன்ராஜ்கிட்டக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவனுங்க, கூட்டுக் களவாணிங்கன்னு தோணுச்சு. ஒரு நாள் பின்னாடி வந்த ஆட்டோக்காரன் சிக்னல்ல பக்கத்துல நிறுத்தி, "மாஸ்டர், சும்மா சும்மா பிரேக் லைட் எரியுதே, ஏன்?"னு கேட்டான். அதையும் வயரிங் கோளாறுன்னு சொல்லி பவுன்ராஜ் தலையில கட்டிட்டேன். அண்ணே, பிரேக் லைட் எதுக்கு எரியும்? முதல் நாள் கிளாஸ்ல பச்சப் புள்ளைக்குச் சொல்லிக்குடுக்குற பாடம் அது. நான் சொல்லிக்குடுத்த பாடம்.

பவுன்ராஜைக் கூப்பிட்டேன். வந்தான், ஓட்டிக் காட்டினான். உதைக்கல. "உனக்குப் பழகின மாடு, உன்னை முட்டாது. வெளியாளைத்தான் முட்டும்"னேன். "வண்டில குறை இருந்தா நானே திருப்பி எடுத்துக்குறேன் மாஸ்டர். குறை இல்லயே"ன்னான். மூணு தடவை கூப்பிட்டேன், மூணு தடவையும் வந்தான். சமையல் வேலையைப் போட்டுட்டு வந்தான். அடுப்புப் புகை வாசத்தோட வந்து நிப்பான். அவன் வரவர எனக்குக் கோவம்தான் ஏறுச்சு. தப்புச் செஞ்சவன்தான் இப்படிப் பணிஞ்சு போவான்னு நினைச்சேன்.

பங்குனியில ஒரு வெள்ளிக்கிழமை, எங்க தெருக் கருப்பசாமி கோவில்ல நல்ல கூட்டம். அங்க வச்சு அவனைப் பிடிச்சேன். "சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. வண்டில குறை இல்லன்னு கருப்பன் முன்னாடி சொல்லு"ன்னேன். உங்க பக்கமும் இருக்குமே, எரியிற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைக்கணும். பொய் சொன்னா ஒரு மண்டலத்துக்குள்ள, நாப்பத்தெட்டு நாளுக்குள்ள, சாமி கேட்டுரும்.

அவன் என் பக்கத்துல வந்து, காதுகிட்ட, ரொம்ப மெதுவா, "மாஸ்டர், இங்க வேணாம். நாம ரெண்டு பேரும் தனியா ஒரு தடவை வண்டில போயிட்டு வருவோம். நான் காட்டுறேன்"னான்.

நான் என்ன பண்ணினேன்? திரும்பிக் கூட்டத்தைப் பாத்து, "கேட்டீங்களாய்யா, தனியாப் பேசணுமாம்!"னு கத்தினேன்.

அவன் மூஞ்சி மாறிப்போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன். 'உங்க கால்தான் மாஸ்டர்'னு ஒரே வார்த்தை. அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருந்தா கோவிலே சிரிச்சிருக்கும், டிரைவிங் மாஸ்டருக்கு பிரேக் எது கிளட்ச் எதுன்னு தெரியலன்னு. சொல்லல. நேரா போனான், பூசாரி சூடத்தைக் கொளுத்தினாரு, "வண்டில குறை இல்ல சாமி"ன்னு சொல்லி ஒரு அடி அடிச்சான். அணைஞ்சுபோச்சு. எல்லாரும் அவ்வளவுதான்னு நினைச்சாங்க. நான் விடல. "இது சத்தியமா? தொட்டும் தொடாம? நல்லா அழுத்துய்யா"ன்னேன். பூசாரி மறுபடியும் கொளுத்தினாரு. அவன் கையை வச்சு அழுத்தினான். என்னைப் பாத்துக்கிட்டே அழுத்தினான். எடுக்கல. பூசாரிதான் கையைப் பிடிச்சு எடுத்துவிட்டாரு.

அவனுக்குச் சக்கரை வியாதி. எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா மட்டும் விட்டிருப்பேனான்னும் தெரியாது.

உள்ளங்கையில கொப்புளம். உடைஞ்சு புண்ணாச்சு. சக்கரை உடம்புல ஆறுமா? கட்டு மேல கட்டு, மண்டலம் முடியறதுக்குள்ள ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை படுத்துட்டான். ஊரு என்ன சொல்லும்? கருப்பன் கையைப் பிடிச்சுட்டான், பொய்ச் சத்தியம் பண்ணின கை அழுகுதுன்னு சொல்லுச்சு. என்கிட்ட வந்தே சொன்னாங்க. "மாஸ்டர், சாமி உங்க பக்கம்"னாங்க. நானும் தலையை ஆட்டினேன்.

சமையல்காரனுக்குக் கைராசிதானே எல்லாம். கல்யாண வீட்டுல முதல் அடுப்பை அவன் கையாலதான் பத்தவைக்கச் சொல்லுவாங்க. இந்தக் கையால நம்ம வீட்டு அடுப்பைப் பத்தவைக்கிறதான்னு ஒவ்வொருத்தரா விலகிட்டாங்க. வைகாசி முகூர்த்தம் பூரா அந்தப் பெரிய வேன் வீட்டு வாசல்லயே நின்னுச்சு. நான் தோப்புக்குப் போறப்ப அதைத் தாண்டித்தான் போவேன். உதைச்சுக்கிட்டே போவேன்.

இப்பத்தான் முக்கியமான இடம். ஆனி மாசம் நான் குளியலறையில வழுக்கி விழுந்தேன். இடது கணுக்கால்ல விரிசல். மாவுக்கட்டுப் போட்டுட்டாங்க, முட்டி வரைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிதானே, வலது கால் போதும்னு நாலாம் நாளே கிளம்பிட்டேன். கட்டுப் போட்ட காலைக் கதவோரமா நீட்டி வச்சுக்கிட்டேன், வேற எங்க வைக்க? சீனியம்மா பக்கத்துல.

வண்டி போச்சு பாருங்க! ஒரு உதை கிடையாது. கியர் விழுறதே தெரியல. போன தடவை மாத்தின ஆயில் இப்பத்தான் வேலை செய்யுதுன்னு நான் சந்தோஷமாச் சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன். நாப்பது நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். கட்டைப் பிரிச்சாங்க. மறுநாள் தோப்புக்குக் கிளம்பினோம். டொக். தெரு முனை திரும்பல, மறுபடியும் டொக்.

சீனியம்மா என்னைப் பாக்கல. ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா, "என்ன அதிசயமோ, உங்க கால் நல்லாயிட்டா வண்டிக்கு நோவு வந்துருது."

அவளை வீட்டுல இறக்கிவிட்டுட்டுத் தனியாப் போனேன். முந்தல் தாண்டி மலை ஏறுற இடத்துல நிறுத்தினேன். இடது காலை மடக்கி, பாதி சம்மணம் போட்டு, தொடைக்குக் கீழ வச்சுக்கிட்டேன். ஓட்டினேன். நாலு வளைவு ஏறினேன், நாலு வளைவு இறங்கினேன். வெண்ணெய். காலை எடுத்துக் கீழ வச்சேன். இன்ஜின் சத்தம் ஏறுச்சு. குனிஞ்சு பாத்தேண்ணே. என் கால், நான் சொல்லாமலே, போய் அமுக்குது. அங்க கிளட்ச் ஏது? அந்த வண்டில பிரேக் பெடல் அகலம், கிளட்ச் இருக்க வேண்டிய இடம் வரைக்கும் நீண்டு கிடக்கும். பிரேக்கைத்தான் அமுக்கியிருக்கேன். தை மாசத்துலேருந்து.

வண்டியை ஓரங்கட்டி உக்காந்திருந்தேன். எனக்குக் கால் ஞாபகம் வரல, வண்டி ஞாபகம் வரல. "தனியாப் போவோம் மாஸ்டர், நான் காட்டுறேன்"னு அவன் சொன்னதுதான் காதுக்குள்ள. சாவி குடுத்த அன்னிக்கே என் கால் கிளட்ச்சைத் தேடுறதைப் பாத்துட்டான் அவன். என் மானம் போகக்கூடாதுன்னு அவன் கையைக் கொண்டுபோய் நெருப்புல வச்சிருக்கான். நான் நல்லா அழுத்துன்னிருக்கேன். வெக்கமா இருந்துச்சுண்ணே. அறுபத்திரண்டு வயசுல அந்த மாதிரி வெக்கம் வரக்கூடாது, வந்தா தாங்காது.

நேரா அவன் வீட்டுக்குத்தான் போயிருக்கணும். போகல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப்போட்டேன். ஆவணியில சின்னமனூர்லேருந்து ஒருத்தர் வந்தாரு. உங்களை மாதிரியேதான், மதுபாலாவைப் பத்தி விசாரிக்க. நீங்க உக்காந்திருக்கிற சேர்லதான் உக்காந்தாரு. "அந்தச் சத்திய விஷயம் என்னங்க?"ன்னாரு. எனக்கு எல்லாம் தெரியும், அப்ப எல்லாம் தெரியும். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எதுக்கு வம்பு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டேன். போதாதா? அந்தச் சம்பந்தம் நின்னுபோச்சு. பொய் சொல்லலயேன்னு எனக்கு நானே ஒரு சமாதானம். சீனியம்மா அன்னிக்கிலேருந்து அந்த வண்டில ஏறுறதில்ல. தோப்புக்கு பஸ்லதான் வர்றா. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

இப்ப நீங்க வந்திருக்கீங்க. அதனால தைரியமாச் சொல்றேன், அந்த வீட்டுல பொண்ணு எடுங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. அந்த மாதிரி ஒரு அப்பன் வளத்த புள்ள எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா?

ஒண்ணே ஒண்ணுண்ணே. இந்தக் கால் விஷயம் மட்டும் நமக்குள்ள இருக்கட்டும். 'மாஸ்டரைப் பாத்தேன், நல்ல குடும்பம்னு சொன்னாரு'ன்னு சொன்னாப் போதும். ஸ்கூல் போர்டுல என் பேரு இருக்கு. மாப்பிள்ளை பொழைக்கணும். ஊர்ல நாலு பேரு வாயில...

என்ன கேக்குறீங்க?

ஆமா. உங்க வீட்டம்மா அந்தச் சத்தியத்தைத்தான் கேப்பாங்க. சாமி குத்தம் உள்ள வீட்டுலயா பொண்ணு எடுக்கிறதுன்னு அவங்கதான் தடையா? புரியுது. 'நல்ல குடும்பம்'னு நான் சொன்னா மட்டும் அந்தக் கை சுத்தமாயிருமான்னு கேக்குறீங்க.

ஆகாது. ஆகாதுண்ணே. அதான் சரி. நான் இவ்வளவு நேரம் வாய் வலிக்கப் பேசிட்டுக் கடைசியில திரும்பவும் அவன் கையைத்தான் சூடத்துல வைக்கப் பாக்குறேன்.

போன் இருக்கா? போடுங்க. வீட்டம்மாவுக்கே போடுங்க. இல்ல, நீங்க பேச வேணாம், ரிங் போனதும் எங்கிட்டக் குடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க, பரவாயில்ல. சீனியம்மா! இங்க வா, வந்து நில்லு. ரோட்டுல போறவங்க கேட்டாலும் கேக்கட்டும்.

அம்மா, வணக்கம்மா. போடியிலேருந்து பேசுறேன். உங்க வீட்டுக்காரரு என் பக்கத்துலதான் இருக்காரு, நல்லா இருக்காரு, பயப்படாதீங்க. என் பேரு தனுஷ்கோடி. எட்டாயிரம் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவன். சமையல்காரர் பவுன்ராஜ் பண்ணினது பொய்ச் சத்தியம் இல்லம்மா. அவர் குடுத்த வண்டில ஒரு குறையும் இல்ல.

எனக்குத்தான் அதை ஓட்டத் தெரியல.